மருமகன் என்று வாசித்தேன்

என் கையெழுத்தை மறுநாள் நானே வாசிக்க முடியாது. மனைவி சொல்லச் சொல்ல நான் எழுதிய சாமான் துண்டைக் கடையில் நின்று பார்த்து, எழுதியிருப்பது கடுகா கருவாடா என்று தெரியாமல் இரண்டையும் வாங்கி வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் அடுத்தவர் கையெழுத்தை வாசிப்பதில் சூரன் என்று ஒரு சபையில் வாய்விட்டுச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் மழைக்குக் கத்தியது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அன்று நல்ல வெயில்.

சபை கூடியது கர்க்லாண்டில், வருங்காலச் சம்பந்தியம்மா வீட்டுப் பின்வளவில். எங்கள் ஒரே மகள் தன்னோடு வேலை செய்யும் கியூபெக் பெடியன் ஒருவனைக் கட்டப்போகிறேன் என்று சொல்லி, எங்கள் வீட்டில் சில மாதம் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. புயல் என்றால் பெரும்பாலும் என் மனைவி. நான் இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தவன், இதற்கெல்லாம் அசைகிறவன் இல்லை என்று காட்டிக்கொண்டு குளியலறையில் போய் நின்று யோசிப்பவன். ஓய்ந்த பிறகு மனைவி அவனை "மருமகன்" என்று சொல்லத் தொடங்கினாள். அதுவும் பாசத்தில் இல்லை. அவனுடைய பெயர் அவளுடைய வாய்க்குள் அடங்கவில்லை. "மருமகன் சாப்பிட்டாராமோ?" என்று மகளிடம் கேட்பாள். நேரே அவனிடம் எதுவும் கேட்கமாட்டாள்.

அன்றுதான் பெடியனின் தாயை முதன்முதலில் கண்டோம். தனியாக இருப்பவர், தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்காக ஆங்கிலத்தில் தொடங்கி, களைத்ததும் பிரெஞ்சுக்குப் போய்விடுவார். மகள் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். நாங்கள் கொண்டுபோன வடை தீர்ந்து, பேச ஒன்றும் இல்லாமல் எல்லோரும் மரத்திலிருந்த அணிலைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் எழுந்து உள்ளே போய்ச் சில தாள்களைக் கொண்டுவந்தார். நூறு வருடத்துக்கும் மேற்பட்ட குடிசனக் கணக்கெடுப்பின் பக்கங்கள். இணையத்தில் படமாகக் கிடைப்பதைப் பெருப்பித்து அச்செடுத்திருந்தார்.

கலியாண மண்டபத்தில் இரண்டு குடும்பத்தின் வம்ச மரத்தையும் பெரிதாக வரைந்து மாட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் பக்கத்து மரம் ஓரிடத்தில் முறிந்துபோய் நின்றது. அவருடைய பூட்டன் பத்துப் பதினொரு வயதுப் பையனாக ஒரு கமக்காரனின் பண்ணை வீட்டில் இருந்திருக்கிறார். கணக்கெடுப்பில் அந்த வீட்டுக்காரன், மனைவி, அவர்களின் பிள்ளைகள் எல்லோரும் முடிந்தபிறகு கடைசி வரியில் அவருடைய பெயர். வீட்டுத் தலைவனுக்கு என்ன முறை என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல். மங்கிப்போய், கோடு கோடாய், தலை எது வால் எது என்று தெரியாத சொல்.

சம்பந்தியம்மாவின் தகப்பனுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. ரொக்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அந்தச் சொல் "அங்காஷே" என்றே அவர் ஆயுள் முழுக்க நம்பி வந்திருக்கிறார். கூலிக்கு வைத்த ஆள் என்று அர்த்தம். பையனைக் குதிரை லாயத்தில் படுக்க வைத்தார்களாம், வளர்ந்ததும் ஒரு சாக்குத் துணியோடு அனுப்பினார்களாம் என்று வழிவழியாக வந்த கதை. வீட்டுக்காரனுக்கும் பையனுக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதானே என்று நான் கேட்டேன். அந்த ஊரில் பாதிப்பேருக்கு அதே பெயர், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். "எங்களை ஒருவரும் சொந்தம் என்று எடுக்கவில்லை" என்று தகப்பன் இன்றைக்கும் சொல்லுகிறாராம். உண்மை எதுவானாலும், அவருக்குக் காது கேட்கிற காலத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்றார் சம்பந்தியம்மா. அதைச் சொல்லும்போது தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

வீட்டில் எந்நேரமும் எங்கேஜ்மென்ட் கதையே நடந்துகொண்டிருந்ததால், அங்காஷே என்றதும் எனக்கு அதுதான் பட்டது. இந்தச் சின்ன வயதில் யாரோடு எங்கேஜ்மென்ட் என்று கேட்டுவிட்டேன். அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில்தான் அடுத்த வசனத்தைச் சொன்னேன்: டாக்டர்மாரின் எழுத்தையே வாசித்துத் தள்ளியவன் நான், இதை என்னிடம் விடுங்கள்.

முழுப் பொய் இல்லை. திருகோணமலையில் பாமசி ஒன்றில் மருந்து கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் அலுமாரியில் இருந்தது காய்ச்சல் குளிசை, வயிற்றுக் குளிசை, இருமல் பாணி. டாக்டர் எதைக் கிறுக்கியிருந்தாலும் நோயாளியின் முகத்தைப் பார்த்து இந்த மூன்றில் ஒன்றைக் கொடுத்தேன். ஒருவரும் திரும்பி வந்து சண்டை பிடிக்கவில்லை. இங்கே வந்து சென்ட் லோரன்டில் மருந்துக் கம்பனியில் பெட்டி அடைத்து ஓய்வு பெற்றேன். பெட்டியில் எல்லாம் அச்செழுத்து.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மனைவி, "நீங்கள் எழுதின துண்டை ஆர் வாசிக்கிறது எண்டு முதல்ல பாருங்கோ" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை என் அலுவலகமானது. பூதக்கண்ணாடி வாங்கினேன். கணக்கெடுக்க வந்த அந்த மனிதருக்குக் கணக்கர் என்று பெயர் வைத்து அவரோடு சண்டை பிடிக்கத் தொடங்கினேன். பக்கத்தின் மேல்பாதியில் அவருடைய எழுத்து முத்து முத்தாய் இருக்கும். கீழே வரவர ஒவ்வொன்றாய்ச் சாய்ந்து, கடைசி வீட்டில் முழுதாய்ப் படுத்துவிடும். மத்தியானம் எந்த வீட்டிலோ வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறார் என்பது என் முடிவு. நம்முடைய பூட்டன் இருந்தது, கேட்கவும் வேண்டுமா, கடைசி வீட்டில்.

தொழில் கட்டத்தில் பாதி ஊருக்கு "ஜூர்னாலியே" என்று இருந்தது. அந்த ஊர் முழுக்கப் பத்திரிகையாளர்கள், எழுத்துத் தொழில் உங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்று சம்பந்தியம்மாவுக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். அது நாட்கூலிக்காரன் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஓணானை மடியில் கட்டியாயிற்று, அது குடைந்துகொண்டிருந்தது.

இந்தக் குடைச்சலில் ஒரு நல்ல பாடம் படித்தேன். தெரியாத சொல்லை முறைத்துப் பார்த்தால் அது ஒருநாளும் வாய் திறக்காது. அதே கை அதே பக்கத்தில் எழுதிய தெரிந்த சொல் ஒன்றைப் பிடிக்க வேண்டும். அதிலுள்ள எழுத்துகளை வைத்துத்தான் தெரியாததை உடைக்க வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் "ஃபீஸ்". பிரெஞ்சில் மகன் என்று அர்த்தம். பிள்ளை பெற்ற தமிழர் ஒருவருக்கும் அந்தச் சொல் மறக்காது. கணக்கர் ஃபீஸ் எழுதும்போதெல்லாம் அதன் முதலெழுத்தான எஃபுக்கு நீளமாய் ஒரு வால் விடுவார். அது கீழ்வரிக்குள் இறங்கி ஒரு வளைவு வளையும். எல்லா ஃபீஸுக்கும் அப்படியே.

பூட்டனுக்கு மேல்வரியில் அந்த வீட்டுக் கடைக்குட்டி மகன் இருந்தான். அவனுடைய எஃபின் வால்தான் கீழே தொங்கி, பூட்டனின் சொல்லுக்கு நடுவில் புகுந்திருந்தது. பரம்பரையாய் இவர்கள் அங்காஷேயின் நடுவில் வரும் ஜி எழுத்து என்று வாசித்து அழுதது அந்த வாலைத்தான். வாலை நகத்தால் மறைத்துப் பார்த்தேன். மிச்சம் இருந்தது சிறிய, வால் இல்லாத எழுத்துகள். முதலில் என், நடுவில் வி, கடைசியில் யு. பிரெஞ்சு அகராதியை எடுத்து விரலை வைத்துத் தேடினேன். "நெவூ." உடன்பிறந்தவரின் பையன். கூலிக்காரன் இல்லை.

யாருடைய பூட்டனோ, ஆனாலும் எனக்கு அழுகை வரப் பார்த்தது. பக்கத்தில் கிடந்த கடை விளம்பரத் தாளின் பின்புறத்தில் பெரிதாக "மருமகன்" என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். நெவூ என்றால் எனக்கு மருமகன்தான். தங்கச்சியின் இரண்டு பையன்களையும் அப்படித்தானே கூப்பிடுகிறேன்.

உடனே தொலைபேசியை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சூரனுக்கு அது போதாது. முழு மரத்தையும் வரைந்து முடித்து, கடைசிக் கட்டத்தில் இந்த மாணிக்கத்தைப் பதித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு காலைநேரம் மகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கணினியைத் திறந்து இருந்தாள். நான் விளம்பரத் தாள்களைப் பார்த்து ஒவ்வொன்றாய்ச் சொல்ல, அவள் பிரெஞ்சில் அடித்தாள். கடைசி ஆள் வந்தது.

"என்னண்டு போடுறது, அப்பா?"

"மருமகன்."

"மருமகனெண்டா ஜாந்த்ர் தானே?"

ஜாந்த்ர் என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. ஓம் என்றேன், தீர்ப்பு வாசிக்கிற குரலில். அவள் அடித்தாள். ஜாந்த்ர் என்றால் மகளைக் கட்டியவன். பாவம், அவளைக் குறை சொல்ல முடியாது. தமிழில் அவள் அண்மையில் அதிகம் கேட்ட சொல் அதுதான், அதுவும் ஒரே ஒருத்தனைப் பற்றி. படம் வரைகிற மென்பொருளோ மணமகன் இருந்தால் மணமகள் எங்கே என்று கேட்டிருக்கிறது. அவள் அந்த வீட்டு மூத்த மகளோடு ஒரு கோட்டை இழுத்துவிட்டு, படத்தை மாமிக்கு அனுப்பிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினாள். பிள்ளையார் பிடிக்கப் போனேன். குரங்கு மின்னஞ்சலில் போய்விட்டது.

அன்று பின்னேரம் சம்பந்தியம்மா எடுத்தார். பாராட்டு வரப்போகிறது என்று கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஜாந்த்ரா என்று கேட்டார். எனக்கு அது ஜான்ர் என்று கேட்டது. படிவங்களில் ஆணா பெண்ணா என்று கேட்கிற சொல் அது என்று எனக்குத் தெரியும். பையன்தான், சந்தேகமே இல்லை, ஆண் என்றேன். பிறகு, பதினொரு வயது அல்லவா என்றார். ஓம் சின்னப் பிள்ளைதான், ஆனால் அந்தக் காலத்தில் அதெல்லாம் சாதாரணம் என்று ஆறுதல் சொன்னேன். எங்கள் ஊரிலும் அப்படித்தான், வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பையன் இருப்பான் என்று நம் பண்பாட்டையும் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன். இப்போதுமா என்று கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. இப்போது குறைவு, ஆனாலும் முழுதாய் விட்டுப்போகவில்லை என்றேன் பெருமையாக.

சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். சந்தோஷம் தாங்காமல் நேரில் வருகிறார் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வெள்ளி இரவே வடைக்கு உழுந்து ஊறப்போட்டாள்.

சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் எங்கள் படம். முகத்தில் சந்தோஷம் இல்லை. மகளை அருகில் இருத்தி, அந்தக் கலியாணக் கோட்டைக் காட்டி மிக மரியாதையாகக் கேட்டார். மகள் அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அவருக்கு அந்த வீட்டில என்ன முறை?"

"அதான் சொன்னனே. நெவூ."

"மருமகனெண்டு சொன்னீங்கள்."

"நெவூ எண்டா மருமகன்தானே."

"மருமகனெண்டா இவர்" என்று அவள் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். பெடியன் அங்கே என் மனைவிக்குப் பின்னால் நின்று, முதல் வடை எப்போது எண்ணெயிலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த நான் தொலைபேசியில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாய் எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வீடு ஒரு பையன். இன்னும் விட்டுப்போகவில்லை. சம்பந்தியம்மா இந்த நாலு நாளும் தன் பிள்ளையை எந்தக் காட்டுக்குள் அனுப்புகிறேன் என்று யோசித்திருப்பார். மனைவி அகப்பையோடு வந்து நின்று முழுவதையும் கேட்டாள். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். எனக்கு ஏறி வந்த கோபத்தை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை. கணக்கர் மேல் போட்டேன்.

கோபத்தில்தான் அவருடைய தாளை விரித்து, வாலைக் காட்டினேன். இந்த ஃபீஸைப் பாருங்கள், இந்த ஃபீஸைப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் வால். இப்போது உங்கள் பூட்டனுக்கு மேலே பாருங்கள். சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நகத்தால் வாலை மேலிருந்து கீழே தடவினார், பிறகு அதை மறைத்தார். எத்தனையோ வருடம் பார்த்த சொல் அவருக்கு அப்போதுதான் வாய் திறந்தது. சத்தமாக வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கண் நிறைந்து வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை.

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: "தமக்கையின்ர பிள்ளையோ, தமையன்ர பிள்ளையோ?"

மகள் அதைப் பிரெஞ்சில் கேட்டாள். குடும்பப் பெயர் ஒன்று, ஆகவே வீட்டுக்காரனின் சகோதரனின் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றார் சம்பந்தியம்மா.

"அப்ப மருமகன் எண்டு ஆர் சொன்னது? பெறாமகன்."

இரண்டாவது தடவையாக நான் பிழை. உடன்பிறந்தவளின் பையன்தான் எனக்கு மருமகன். உடன்பிறந்தவனின் பையனை நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. அவன் மகன், பெறாத மகன். இதை மகள் மொழிபெயர்க்கத் திணறினாள். அவர்களுடைய மொழியில் அந்த இடத்தில் நெவூ ஒன்றுதான் இருக்கிறது. பெறாத மகன், பெறாத மகன் என்று அவள் இரண்டு மூன்று விதமாய்ச் சொல்லிப் பார்த்தாள். சம்பந்தியம்மா கைத்தொலைபேசியை எடுத்துத் தகப்பனைக் கூப்பிட்டார்.

கிழவருக்குக் காது மந்தம். அதனால் எங்கள் மாடி முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நெவூ, பாப்பா. நெவூ." பிறகு கரகரத்த குரல் ஒன்று ஏதோ கேட்டது. சம்பந்தியம்மா எங்களைப் பார்த்தார். மகள் எங்களுக்குச் சொன்னாள். அப்படியானால் ஏன் லாயத்தில் படுக்க வைத்தார்கள் என்று கேட்கிறார்.

நான் பூதக்கண்ணாடியை எடுத்து, லாயத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறதா என்று தாளில் தேடினேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு சொல் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. வரிகளை மட்டும் விரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு போனாள். "இவ்வளவு பிள்ளையளோ? அப்ப அவங்கட பெடியளும் அங்கதான் படுத்திருப்பாங்கள். வேற எங்க படுக்கிறது?"

அது தொலைபேசியில் போனது. அந்தப் பக்கம் ஒரு இருமல் போல வந்தது. கொஞ்சம் கழித்துத்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

வடை வந்தது. எல்லோருக்கும் பசி வந்தது. சம்பந்தியம்மா படத்தைத் திருத்தச் சொன்னார். கோட்டை அழித்து நெவூ என்று போட வேண்டும். அதற்குக் கீழே உங்கள் சொல்லையும் உங்கள் எழுத்தில் எழுதுங்கள் என்று என்னிடம் பேனையைத் தந்தார். வேண்டாம், என் கையெழுத்து நன்றாயிராது என்று இந்தக் கதையிலேயே முதல் உண்மையைச் சொன்னேன். கேட்கவில்லை. எழுதினேன். பெறாமகன். தன் மகன் எங்கள் மரத்தில் என்னவாக வருவான் என்று கேட்டார். அதையும் கீழே எழுதினேன். மருமகன். இரண்டும் கோழி கிளறிய மாதிரி இருந்தன.

அவர் மறுபடியும் குனிந்தார். முன்பு கணக்கரின் எழுத்தைப் பார்த்த அதே பார்வை. மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம், நகம் போய் வந்தது. பிறகு கடைசி மூன்று எழுத்துகளையும் இரண்டு சொல்லிலும் தொட்டு, இவை ஒன்றுதானே என்றார். தெரியாத சொல்லை முறைக்காதே, அதே கையின் தெரிந்த எழுத்தைப் பிடி. நான் அவருக்கு அரைமணி நேரத்துக்கு முன் அளந்த பாடம். இந்த மூன்றுக்கும் தனியே அர்த்தம் உண்டா என்று கேட்டார்.

இந்தச் சொல்லை நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிவருகிறேன். பெடியனைப் பற்றி மாதக்கணக்காகச் சொல்லிவருகிறேன். ஒரு நாளும் அந்த இடத்தில் அதை வெட்டிப் பார்த்ததில்லை.

"ஃபீஸ்" என்றேன்.

அவர் மருமகனின் முதல் இரண்டு எழுத்தையும் விரலால் மறைத்துக்கொண்டார். நான் சொல்லிக்கொடுக்க, மிச்சத்தை ஒவ்வொன்றாய்ச் சொன்னார். பிறகு சேர்த்துச் சொல்லி, சமையலறையில் நின்ற தன் பிள்ளையை அந்தச் சொல்லால் கூப்பிட்டார். அவனுக்கு விளங்கவில்லை, வாய் நிறைய வடையோடு அப்படியே நின்றான். என் மனைவி அவனுடைய முழங்கையில் மெல்லத் தட்டினாள்.

"மகன், அம்மா கூப்பிடுறா. போங்கோ."